முட்டை ஓட்டுக்கு வாங்கிய மருந்து

கோழி மருந்தை என் மகளுக்குக் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான். நாமக்கல்லில் கோழி மருந்துக் கடை வைத்துக்கொண்டு, பைக்கில் பண்ணை பண்ணையாக வந்து, சிரித்துச் சிரித்துப் பேசி மருந்து போடுகிற நீங்கள்தான். இப்போது இல்லை என்கிறீர்கள். "பேச்சுவாக்குல ஏதாச்சும் சொல்லியிருப்பேன் தம்பி" என்கிறீர்கள். பேச்சுவாக்கில் சொல்லவில்லை. எங்கள் தீவன ரூம் வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, என் மகளின் முழங்காலை அமுக்கிப் பார்த்து, அளவும் சொல்லிக் கொடுத்தீர்கள்.

இதை எழுதுவதால் நான் நல்லவனாகிவிட மாட்டேன். நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன். சொன்னதைவிடச் செய்தது பெரிய தப்பு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் செய்ததில் நீங்களும் அறியாத பங்கு ஒன்று இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

பரமத்தி ரோட்டில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் சூப்பர்வைசர். குடியிருப்பும் பண்ணைக்குள்ளேயே. சமையலறை ஜன்னலைத் திறந்தால் முதல் ஷெட் தெரியும். கோடை வந்தால் முட்டை ஓடு மெலிந்துபோகும். ஓடே இல்லாமல் தோல்முட்டையாக விழும். அதற்குத்தான் கால்சியமும் வைட்டமின் டி3யும் சேர்ந்த மருந்தைக் கோழி குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடுவோம். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒரு கேன். அளவை நான்தான் பார்ப்பேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு பழக்கம் உண்டு. கோழிக்கு வருகிற மருந்தில் கொஞ்சம் ஆட்டுக்குப் போகும். குட்டி போட்ட நாய்க்குப் போகும். சில பெண்கள் ரோஜாச் செடிக்குக்கூட ஊற்றுவார்கள். வெயில் கொளுத்தும்போது கோழிக்குக் கலக்குகிற குளுக்கோஸ் பவுடரை நாங்களே சொம்பில் கரைத்துக் குடிப்போம். ஒன்றும் ஆனதில்லை. ஒன்றும் ஆகாமலே பத்து வருசம் போனால் மனுசனுக்குப் பயம் விட்டுப்போகும். எனக்கு அப்படித்தான் விட்டுப்போயிருந்தது.

என் மகளுக்கு ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடித்து, மற்றக் காலால் தள்ளித் தள்ளி வீடு முழுக்கப் போவாள். பேச்சு தெளிவாக வரும். சிரிப்பு வரும். எழுந்து மட்டும் நிற்க மாட்டாள். என் மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நடக்கறப்ப நடப்பாளுங்க, எங்க தம்பியும் இப்படித்தான்" என்பாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மோகனூரில் என் அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். என் மகள் மடியிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்தாள். அக்கா சாம்பார் வாளியோடு நின்று பார்த்தது.

"ஏன்டா, உம்பட புள்ள இன்னும் வாத்தாட்டம் உக்காந்தே நவுருது? முட்டைக்காரன் ஊட்டுப் புள்ளைக்கு எலும்புல சத்தில்லைன்னா ஊரு சிரிக்காதா?"

ஊர் அங்கேயே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

ரெண்டு நாள் கழித்து நீங்கள் கேன் இறக்க வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டீர்கள். நான் சொன்னேன்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறீங்க? சாமி, இங்க வா கண்ணு." அவள் காலைத் தொட்டுப் பார்த்தீர்கள். "கால்சியம் பத்தலைங்க தம்பி. டாக்டருகிட்ட எல்லாம் அலைய வேண்டாம். மருந்து உங்க கையிலயே இருக்குது."

"அது கோழிக்குங்களே அண்ணா."

"கோழிக்குன்னா? ஓடு கெட்டியாகறதும் எலும்பு கெட்டியாகறதும் ஒண்ணுதானுங்க. மெடிக்கல்ல சின்ன பாட்டில்ல படம் போட்டுக் குடுக்கறான், நம்மளது கேன்ல வருது. அவ்வளவுதான். தெனம் ஒரு மூடி பால்ல கலந்து குடுங்க. ஒரு மாசத்துல ஓடுவா."

"ஊட்ல ஒத்துக்கமாட்டா."

"பொம்பளைங்ககிட்ட எல்லாத்தையுமா சொல்லீட்டிருப்பீங்க?"

அதற்கு நான் சிரித்தேன். இந்தக் கதையில் நான் சிரித்த இடங்களை எல்லாம் நினைத்தால் எனக்கு இப்போது கூசுகிறது.

இனி உங்களுக்குத் தெரியாத பங்கு. வீட்டில் பழைய சத்து டானிக் பாட்டில் ஒன்று இருந்தது. ஊசி போடப் போனபோது டாக்டர் எழுதிக் கொடுத்து, தீர்ந்துபோன பாட்டில். லேபிளில் சிரிக்கிற குழந்தை. அதைக் கழுவிக் காயவைத்து, தீவன ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, கேனிலிருந்து அதில் ஊற்றினேன். நாக்கில் தொட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு மிட்டாய் வாசம், இனிப்பு. புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

"பழைய டானிக்கே இன்னொண்ணு வாங்கியாந்தேன். இந்த தடவை ஒரு மூடி குடுக்கச் சொன்னாங்க" என்று மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? தினமும் காலையில் மூடியில் ஊற்றி, பாலில் கலந்து, மூடியில் ஒட்டியிருப்பதையும் பாலிலேயே அலசிக் கொடுத்தாள். ஒரு சொட்டு வீணாக விடவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மகளுக்குத் தாகம் ஆரம்பித்தது. முதலில் வெயில் என்று நினைத்தோம். பங்குனி வெயிலில் யாருக்குத்தான் தாகம் இல்லை? ஆனால் இது வேறு மாதிரி. ரெண்டு கையாலும் சொம்பைப் பிடித்தால் காலியாகும்வரை வாயை எடுக்க மாட்டாள். எடுத்தால் மூச்சு வாங்கும். உடனே "தண்ணீ" என்று மறுபடி கையை நீட்டுவாள். குளிப்பாட்டும்போது தலையில் ஊற்றுகிற தண்ணீரை வாயைத் திறந்து பிடிப்பாள். துடைத்துவிட்ட ஈரத் தரையில் குனிந்து நக்கினாள் ஒரு நாள். பாய், மெத்தை, துணி எல்லாம் மூத்திரம். என் மனைவி நாள் முழுக்கத் துவைத்துக்கொண்டே இருந்தாள்.

மலம் மட்டும் வரவில்லை. மூன்று நாள், நாலு நாள், ஒரு தடவை ஆறு நாள். வயிறு கல்லு மாதிரி இருக்கும். வந்தால் ஆட்டுப் புழுக்கை போல ரெண்டு உருண்டை. அதற்குள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, சுவரைப் பிராண்டிக்கொண்டு அழுவாள். உலர் திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தோம். வாழைப்பழம் கொடுத்தோம். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைத்தோம். காம்பைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள்.

நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாளே, சர்க்கரையாக இருக்குமோ என்று விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இல்லை. வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மனைவி பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் லேபிளைப் பார்த்தார். சிரிக்கிற குழந்தை. "இது சாதாரண டானிக்தான், ஒண்ணும் பண்ணாது" என்று திருப்பிக் கொடுத்து, மலம் இளக ஒரு மருந்து எழுதினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். லேபிள் என் மருந்துக்கு உரியது அல்ல என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. மருந்தால்தான் இது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, அது நிஜம். ஆனால் சொன்னால் மனைவி முன்னால் மாட்டிக்கொள்வேன் என்று தோன்றியது. அதுவும் நிஜம்.

பிள்ளை சோர்ந்து போகப் போக நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்து போதவில்லை என்று முடிவு செய்து, "ரெண்டு மூடி குடு" என்றேன்.

தண்ணீரையும் நிறுத்தினேன். மெத்தை நனைகிறது, பிள்ளைக்குக் கெட்ட பழக்கமாகிவிட்டது, அளவாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். சொம்பை அலமாரி மேல் வைத்தேன். அவள் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து மேலே பார்த்து "தண்ணீ, தண்ணீ" என்று அழுவாள். என் மனைவி என்னைப் பார்ப்பாள். "செல்லம் குடுத்துக் குடுத்து நீதான் கெடுத்து வெச்சிருக்கற" என்று அவள் மேல் பாய்வேன். நான் ஷெட்டுக்குப் போனதும் அவள் திருட்டுத்தனமாகப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தத் திருட்டுக்கு நான் அவள் காலில் விழ வேண்டும்.

ஒரு மத்தியானம் பிள்ளையைக் காணோம் என்று மனைவி ஓடி வந்தாள். தேடினோம். முதல் ஷெட்டில் இருந்தாள். கூண்டு வரிசையில் கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிள் குழாய் போகும். கொத்தினால் ஒரு சொட்டு விழும். என் மகள் கூண்டின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறை நின்றாள். நின்று, தலையை அண்ணாந்து, நாக்கால் அந்த நிப்பிளைத் தட்டித் தட்டிக் கோழித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அன்று அந்தத் தண்ணீரிலும் நான் அதே மருந்தைக் கலந்திருந்தேன்.

நின்றுவிட்டாள் என்று நான் சந்தோசப்படவில்லை. பிடித்து இழுத்து முதுகில் ஒரு அடி வைத்தேன். என் கை அகலம்கூட இல்லாத முதுகு. அவள் அழவில்லை. அழுவதற்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் குடித்ததெல்லாம் வாந்தி. தலை நிற்காமல் துவண்டது. முதலாளி தன் காரைக் கொடுத்தார். சேலத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த லேடி டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார்.

"ரத்தத்துல கால்சியம் இருக்கவே கூடாத அளவுல இருக்கு. என்ன குடுத்தீங்க?"

மனைவி பாட்டிலை நீட்டினாள். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதைக் குடுத்து இவ்வளவு ஏறாது. பாட்டில் பாட்டிலா ஊத்துனாத்தான் உண்டு. அம்மா, நான் திட்டமாட்டேன், உண்மையச் சொல்லுங்க. சீக்கிரம் நடக்கணும்னு கூடக் கூடக் குடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம். ஒரு மூடிங்க. அப்புறம் ரெண்டு மூடிங்க. இவரைக் கேளுங்க மேடம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, ரெண்டு மூடிதான்" என்றேன். பொய் இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்று.

டாக்டர் அவளை நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது. அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, எந்த நாள் எவ்வளவு ஊற்றினோம் என்று விரல் விட்டு நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க, தூக்கக் கலக்கத்துல நான் ரெண்டு தடவை குடுத்திருப்பனாங்க?" என்று என்னிடமே கேட்டாள். அதற்குள் அக்கா வந்து சேர்ந்தது. வந்த உடனே ஆரம்பித்தது. "போனப் பாத்துட்டே மருந்து ஊத்துனா இப்படித்தான் ஆகும். புள்ள வளத்தற லட்சணம்." என் மனைவி மறுபடி முதலிலிருந்து விரல்களை எண்ண ஆரம்பித்தாள். நான் டீ வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். டீக்கடையில் நின்று ரெண்டு டீ குடித்தேன். அவளுக்கு வாங்கி வரவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர், பாட்டிலில் இருப்பதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அப்போதுதான் நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். பிள்ளைக்காகச் சொல்லவில்லை. எப்படியும் தெரிந்துவிடும் என்பதால் சொன்னேன். இதை எழுத எனக்கு ரொம்ப நாளாயிற்று.

டாக்டர் கத்தவில்லை. கேன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பும்படி பண்ணைக்குப் போன் போடச் சொன்னார். வந்த படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். "இது எத்தனை கோழிக்குக் கலக்கறது?" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு சொல்வது போல டக்கென்று சொன்னேன்.

"உங்க பொண்ணு எத்தனை கோழி எடை இருப்பா?"

அந்தக் கணக்கும் எனக்கு உடனே வந்தது. ஆறு கோழி. ஆறு கோழிக்கு ரெண்டு மூடியை எந்த வேலையாளாவது ஊற்றியிருந்தால் அன்றைக்கே பண்ணையை விட்டுத் துரத்தியிருப்பேன்.

பிறகு அவர் சொன்னார். கால்சியம் கூடினால் குடல் சோம்பிப்போகும், அதனால்தான் மலச்சிக்கல். கூடினதை உடம்பு மூத்திரத்தில் கழுவித் தள்ளப் பார்க்கும், அதனால்தான் அந்தத் தாகம். "அவ கேட்டது பழக்கத்துக்கு இல்லைங்க. நீங்க நிறுத்தின தண்ணிதான் அவளைக் காப்பாத்திட்டு இருந்துச்சு." ஸ்கேனில் ரெண்டு கிட்னியிலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. டி3 கொழுப்பில் தங்கும், சீக்கிரம் இறங்காது, மாதக் கணக்கில் பார்க்க வேண்டும் என்றார். கால்களைப் பற்றிக் கேட்டேன். "காலுக்கு ஒண்ணுமே இல்லை. சில பிள்ளைங்க கொஞ்சம் லேட்டா நடக்கும்" என்றார்.

மனைவியிடம் நான்தான் சொன்னேன். வார்டில், பிள்ளை கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முழுக்கக் கேட்டாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களே குடுத்திருக்கலாமில்லீங்க. எங்கையால குடுக்க வெச்சீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். இன்றைக்குவரை அதற்கு மேல் சொல்லவில்லை. அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நானே போய்ச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று.

மகள் இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள். வயிறு சரியாகிவிட்டது. தாகம் குறைந்துவிட்டது. ஆனால் ஸ்கேனில் அந்த வெள்ளைப் படிவு அப்படியே இருக்கிறது. போகுமா என்று கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்" என்கிறார். அவள் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எழுந்து ஓடுகிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே உங்கள் கடைக்கு வந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆட்கள் இருந்ததால் என்னைக் குடோன் பக்கம் தள்ளிக்கொண்டு போனீர்கள். "கோழிக்கு மட்டும்னு லேபிள்லயே போட்டிருக்குதல்ல தம்பி? படிச்ச ஆளு நீங்க. என் பேரை இழுக்காதீங்க." நீங்கள் சொன்னது சரி. போட்டிருந்தது. நான் படித்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். என் வெட்கத்தோடு உங்களுடையதையும் சேர்த்து நானே சுமந்துகொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

போன வாரம் பக்கத்துப் பண்ணைக்கு ஒரு வேலையாகப் போனேன். வேலையாட்கள் குடியிருக்கிற லைன் வீட்டு ஜன்னலில் ஒரு பழைய ஜூஸ் பாட்டில். அதற்குள் இருந்ததன் நிறம் எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தேன். ஆரஞ்சு மிட்டாய் வாசம்.

"இது யாருக்குங்கம்மா?"

"பையனுக்குங்க. பல்லு மொளைக்கலைன்னேன். மருந்துக்கடை அண்ணன் குடுத்தாருங்க. காசுகூட வாங்கலைங்க, நல்ல மனுசன்."

"எப்பங்க குடுத்தாரு?"

"பத்து நாளாச்சுங்க."

பத்து நாள். நான் உங்கள் குடோனில் நின்று என் மகளின் கிட்னியைப் பற்றிச் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. தெரியாமல் என்னிடம் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பையனுக்குத் தெரிந்தே கொடுத்தீர்கள்.

பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தாயையும் பிள்ளையையும் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். சாயங்காலம் பண்ணைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். உங்கள் பேரைப் போடவில்லை, என் பேரைப் போட்டு நான் செய்ததை எழுதினேன். ரெண்டு நிமிசத்தில் தனியாக எனக்கு அனுப்பினீர்கள்: "டெலிட் பண்ணுங்க. பேச்சுவாக்குல ஏதாச்சும் சொல்லியிருப்பேன் தம்பி, போன்ல பேசிக்கலாம்."

போனில் பேச மாட்டேன். வருகிற பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்கு நீங்கள் வருவீர்கள், எப்போதும்போல முன் வரிசையில் உட்காருவீர்கள். நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவேன். முதலில் நான் மைக்கைப் பிடித்து, பாட்டிலை மாற்றியதையும், தண்ணீரை நிறுத்தியதையும், அவளைப் பழி சுமக்க விட்டதையும் அத்தனை பேர் முன்னால் சொல்வேன். சொல்லிவிட்டு மைக்கை உங்களிடம் கொடுப்பேன். லேபிளைப் பற்றிப் பேச வேண்டாம். என்னைப் பற்றியும் பேச வேண்டாம். இந்த மருந்தைப் பிள்ளைகளுக்கென்று எத்தனை வீட்டுக்குக் கொடுத்தீர்கள்? எந்தெந்தப் பண்ணை, எந்தெந்த வீடு? இன்றைக்குக் காலையிலும் ஒருத்தி அதைப் பாலில் கலந்திருப்பாள். எழுந்து நின்று, ஒவ்வொரு வீடாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.